தாய்முயல் தள்ளித்தான் இருக்கும்

பாகூர்,
பங்குனி 10

அன்புள்ள தங்கச்சிக்கு,

நேற்று ராத்திரி போனில் நீ அழுதுகொண்டே பேசியதால் நான் சொன்னதில் பாதிகூட உன் காதில் ஏறியிருக்காது. "குட்டி போட்டு ரெண்டு நாளாச்சுக்கா, தாய் பெட்டிப் பக்கமே போகலே, மூலையில உக்காந்து மென்னுக்கிட்டே இருக்கு, இங்க் ஃபில்லர்ல பசும்பால் கொடுக்கப் போறேன்" என்றாய். வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தேன். ஏன் வேண்டாம் என்பதைச் சாவகாசமாக எழுதினால்தான் உனக்கு மனசு ஆறும் என்று தோன்றியது. பெரியவன் நாளைக் காலை வில்லியனூர் வரை வருகிறான், அவனிடமே கொடுத்தனுப்புகிறேன். படித்துவிட்டுக் கூண்டுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டி வைத்துக்கொள்.

முயல் தன் குட்டிகளோடு படுக்கிற பிராணி இல்லை பாப்பா. நாம் ஆடும் மாடும் பூனையும் நாயும் பார்த்து வளர்ந்தவர்கள். அதெல்லாம் குட்டியை அணைத்துக்கொண்டு கிடக்கும், நக்கிக் கொடுக்கும், காணோமென்றால் கத்தும். அந்தக் கண்ணால் முயலைப் பார்த்தால் கல்நெஞ்சுக்காரி மாதிரித்தான் தெரியும். அது ஒரு நாளைக்கு ஒரு தடவை, மிஞ்சினால் இரண்டு தடவை, பெரும்பாலும் ராத்திரியிலோ விடியற்காலையிலோ பெட்டிக்குள் குதிக்கும். மூன்று நான்கு நிமிஷம் குட்டிகள் மேல் நின்று பால் கொடுக்கும். உடனே வெளியே வந்துவிடும். நீ தூங்கும்போது நடந்து முடிகிற காரியம் அது. பகலெல்லாம் காவல் இருந்து பார்த்தாலும் உன் கண்ணில் படாது.

அது அப்படி இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இந்த முயல் ஸ்பெயின், போர்த்துகல் பக்கத்து மண்ணிலிருந்து உலகமெல்லாம் போன இனம். அங்கே காட்டில் இருக்கும்போது, குட்டி போடுவதற்கென்று தாய் தனியாக ஒரு சின்ன வளை தோண்டும். காய்ந்த புல்லையும் தன் வயிற்றிலிருந்து பிடுங்கிய மயிரையும் அதில் பரப்பும். குட்டி போட்டதும் வெளியே வந்து வளையின் வாயை மண்ணால் அடைத்துவிடும். ராத்திரி ஒரு தடவை வந்து மண்ணைத் தள்ளி, பால் கொடுத்து, மறுபடி அடைத்துவிட்டுப் போகும். பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் அதன் வாசனையைப் பிடித்துக்கொண்டு நரி வந்துவிடும். தள்ளி இருப்பதுதான் அது குட்டிக்குக் கொடுக்கிற காவல். உன் கூண்டு மூலையில் உட்கார்ந்து மென்றுகொண்டிருக்கிறதே, அது அந்தக் காவலைத்தான் செய்துகொண்டிருக்கிறது. எத்தனை தலைமுறை கூண்டில் பிறந்தாலும் அது மாறவில்லை.

ஒரு வேளைப் பால் போதுமா என்றாய். முயல்பால் நம் பசும்பாலைப் போல மூன்று மடங்கு கெட்டி. பசும்பாலில் கொழுப்பு 4 சதவீதம் இருந்தால் முயல்பாலில் 12 சதவீதத்துக்கு மேல் இருக்கும், புரதமும் அப்படியே. பிறக்கும்போது சுமார் 50 கிராம் இருக்கிற குட்டி ஒரு வாரத்தில் இரண்டு மடங்கு எடை போட்டுவிடும். கண் திறக்காத அந்தக் குட்டிகள் அத்தனை குறைந்த நேரத்தில் காம்பை எப்படிக் கண்டுபிடிக்கின்றன என்று எனக்கும் ரொம்ப நாள் ஆச்சரியம். தாயின் பாலிலேயே ஒரு வாசனைப் பொருள் இருக்கிறது, அதை முகர்ந்த மாத்திரத்தில் குட்டி தலையை ஆட்டித் தேடி வாய் வைத்துவிடும் என்று பிரான்சில் டிஜோன் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் 2003இல் கண்டுபிடித்துச் சொன்னார்கள். இங்க் ஃபில்லரிலிருந்து சொட்டுகிற பாலில் அந்த வாசனை இருக்காது. அது மூக்கிலும் நுரையீரலிலும் இறங்கிவிடும். பசியால் சாகாத குட்டி புரையேறிச் செத்துப்போகும்.

பால் குடித்ததா என்று தெரிந்துகொள்ள வழி சுலபம். காலையில் ஒரு தடவை மட்டும் பார். கையை வெறுந்தண்ணீரில் கழுவிக்கொள், சோப்பு வாசனை வேண்டாம். தாயின் முதுகை இரண்டு தடவை தடவிவிட்டு அதே கையைப் பெட்டிக்குள் விடு. மயிரை மெல்ல விலக்கினால் குட்டிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கிடக்கும். வயிறு உப்பலாக, மேல்தோல் இழுத்துக்கொண்டு இருந்தால் குடித்திருக்கிறது என்று அர்த்தம். இந்த வயதில் தோல் அவ்வளவு மெல்லிசு, உள்ளே இருக்கிற பால் வெள்ளையாகத் தெரியும். தோல் சுருங்கி, வயிறு ஒட்டி, நீ தொட்டதும் துள்ளித் துள்ளித் தலையை மேலே நீட்டினால் பசி. ஒரு நாள் அப்படி இருந்தால் பயப்படாதே. இரண்டாம் நாளும் எல்லாக் குட்டியும் அப்படியே இருந்தால் தாயைப் பிடித்துப் பெட்டிக்குள் விட்டு, முதுகில் கையை வைத்து அடக்கிக்கொண்டு ஐந்து நிமிஷம் நில். குட்டிகளே பார்த்துக்கொள்ளும். காம்பு சிவந்து, சூடாக, கட்டியாக இருக்கிறதா என்றும் அப்போது தடவிப் பார். இருந்தால் மடிவீக்கம், டாக்டரிடம் போக வேண்டியதுதான்.

சில சமயம் பால் குடிக்கும்போது காம்பைக் கவ்வியபடியே ஒரு குட்டி வெளியே வந்து விழுந்துவிடும். பூனை கழுத்தைக் கவ்வித் தூக்கி வருகிற மாதிரி முயல் தூக்கி வராது. பக்கத்தில் கிடந்தாலும் திரும்பிப் பார்க்காது. கம்பி மேல் சில்லென்று விறைத்துக் கிடந்தால் செத்துவிட்டதென்று எறிந்துவிடாதே. உள்ளங்கைக்குள் வைத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார். சூடு ஏறியதும் அசையக்கூடும். அப்படி அசைந்தவற்றை நான் பார்த்திருக்கிறேன். சூடு ஏறிய பிறகும் அசையாவிட்டால்தான் அது செத்தது.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். தாய் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. நாம் அதன் மண்ணைப் பிடுங்கிக்கொண்டு நாலு கால் கம்பிக்கூண்டில் நிறுத்தியிருக்கிறோம். அந்த மண் கொடுத்த இருட்டு, குளிர்ச்சி, ஈரமில்லாத படுக்கை எல்லாவற்றையும் இனி நாம்தான் கொடுக்க வேண்டும். வளர்ப்பு என்பதே எனக்குத் தெரிந்து இதுதான். தீவனம், எடை, வருமானம் எல்லாம் இதற்குப் பிறகு.

இருட்டுக்குப் பெட்டி. மாப்பிள்ளை செய்த பெட்டியைப் போட்டோவில் பார்த்தேன், நன்றாகத்தான் இருக்கிறது. ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். அதைவிடப் பெரிதானால் தாய் அதையே கக்கூஸாக்கிவிடும். ஏறி இறங்குகிற பக்கம் அரை அடி உயரம் இருக்கட்டும், குட்டி சுலபத்தில் வெளியே விழாது. மேலே பாதிக்கு ஒரு பலகை போடச் சொல். அடிப்பலகையில் நாலைந்து ஓட்டை போட்டால் மூத்திரம் தேங்காது. நல்ல காய்ந்த வைக்கோலோ அருகம்புல்லோ பரப்பலாம். சவுக்கு மிளாறு கிடைக்கிறதென்று அதைப் போடாதே, குத்தும். உன் மகளுக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் பத்து நாளுக்குப் பெட்டியைக் காட்டாதே. 10, 12 நாளில் கண் திறந்துவிடும், அப்புறம் ஆசை தீரப் பார்க்கட்டும்.

ஒரு நாளைக்கு ஒரு தடவை போதும் என்பதை நான் புத்தகத்தைப் பார்த்து நம்பவில்லை. 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்த ராத்திரி உனக்கும் மறந்திருக்காது. புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அது வடிவதற்குள் சாத்தனூர் அணையைத் திறந்ததில் தென்பெண்ணை பெருகி எங்கள் பாகூர்ப் பக்கத்துக் கிராமங்களுக்குள் வந்துவிட்டது. அப்போது நம் வீட்டுச் சாம்பல் நிற முயல் குட்டி போட்டு ஒரு வாரம்கூட ஆகவில்லை. கூண்டைத் தூக்கி மாடிப்படிக்குக் கீழே வைத்தோம், அங்கேயும் சாரல். பெட்டியை மட்டும் எடுத்து வந்து சமையலறையில் அடுப்பு மேடைக்குக் கீழே, காய்ந்த சாக்கின் மேல் வைத்தேன். தினமும் விடிந்ததும் பெட்டியைத் தாயிடம் கொண்டுபோவேன். அது உள்ளே குதித்துப் பால் கொடுக்கும். வெளியே வந்ததும் பெட்டியைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவேன். மீதி நேரமெல்லாம் தாய் ஒரு பக்கம், குட்டிகள் ஒரு பக்கம். கரண்ட் இல்லை, ஊரே ஈரம். குட்டிகள் எல்லாம் பிழைத்தன. தாயும் தேடவில்லை, குட்டியும் கத்தவில்லை. அன்றைக்கு அவற்றுக்கு வேண்டியிருந்தது காய்ந்த இடமும் அந்த நாலு நிமிஷமும்தான். உன் வீட்டில் பூனைத் தொல்லை என்றால் நீயும் இப்படிச் செய்யலாம். ராத்திரி பெட்டியை வீட்டுக்குள் எடுத்துவிடு, காலையில் கொண்டுபோய் வை. தாய் இரண்டு மூன்று நாளில் அந்த நேரத்துக்குப் பழகிவிடும்.

உனக்கு இப்போது பயம் மழையில் இல்லை, வெயிலில். கணக்குப் போட்டுப் பார்த்தேன். உன் குட்டிகள் பிறந்தது பங்குனி 8. சித்திரை பிறக்கும்போது பெட்டியை விட்டுக் குதித்து வெளியே வரும், புல்லைக் கொறிக்க ஆரம்பிக்கும். ஆறு வாரம் முடிந்து பால் மறக்க வைக்கிற நேரம் சித்திரை 20ஐ ஒட்டி வரும். மறுநாளே அக்கினி நட்சத்திரம். குட்டிக்கு வாழ்க்கையிலேயே கஷ்டமான வாரமும் நமக்கு வருஷத்திலேயே கஷ்டமான வெயிலும் சேர்ந்து வருகின்றன.

முயலுக்கு நம்மைப் போல வியர்க்காது. சூட்டை வெளியே விட அதற்கு இருப்பது காதும் மூச்சும்தான். 30 டிகிரிக்கு மேல் போனாலே சிரமப்படும், மே மாதத்தில் நமக்கு 38, 40 ஆகிறது. நம் ஊரில் கிடைக்கிற ஒயிட் ஜெயன்ட், சோவியத் சின்சில்லா எல்லாம் குளிர்தேசத்து இனங்கள். தமிழ்நாட்டில் அவற்றை வைத்துப் பெருக்குகிற மத்திய அரசின் ஆராய்ச்சி மையம்கூடக் கொடைக்கானல் மலையில் மன்னவனூரில்தான் இருக்கிறது. அந்தக் குளிரில் வளர்கிற இனத்தை உன் கூடப்பாக்கத்துத் தகரக் கொட்டகையில் நிறுத்தினால் அது என்ன பாடுபடும் என்று யோசித்துப் பார். அதனால் சித்திரைக்கு முன்னாலேயே கூண்டைக் கொல்லையில் இருக்கிற வேப்பமரத்தடிக்கு மாற்றச் சொல். தகரத்தின் மேல் கீற்றுப் போடட்டும். மேற்குப் பக்கம் சாக்கைத் தொங்கவிட்டு மத்தியானம் நனைத்துவிடு. முயல் மேல் தண்ணீர் ஊற்றாதே. பாட்டிலில் தண்ணீரை ஐஸாக்கித் துணி சுற்றிக் கூண்டுக்குள் வைத்தால் அதில் சாய்ந்து படுத்துக்கொள்ளும். பெட்டிக்குள் மயிர் அதிகமாக இருந்தால் வெயில் ஏறும் நேரம் கொஞ்சம் எடுத்துவிட்டு, ராத்திரி திரும்பப் போடு. பால் கொடுக்கிற தாய் வெயில் நாளில் ஒரு லிட்டர் தண்ணீர்கூடக் குடிக்கும். மண் சட்டியில் வை, மத்தியானம் மாற்று. குட்டி போடும் நேரத்தில் தண்ணீர் இல்லாமலோ மிரண்டுபோயோ இருந்தால் தாய் குட்டியைக் கடித்துத் தின்றுவிடுவதுண்டு.

பால் மறக்க வைக்கும்போது குட்டிகளைப் பிடித்து வேறு கூண்டில் போடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. தாயை மாற்று, குட்டிகள் பழகிய கூண்டிலேயே இருக்கட்டும். தாயும் போய், இடமும் மாறி, தீவனமும் மாறினால் அந்தச் சின்ன வயிறு எதைத் தாங்கும்? நாலாவது வாரத்திலிருந்து எட்டாவது வாரத்துக்குள்தான் குட்டிகள் அதிகம் சாகின்றன, பெரும்பாலும் கழிச்சலில். ரத்தக் கழிச்சல் பக்கத்துக் கூண்டுக்கும் பரவும். தரையில் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் இருந்தால் புழுக்கை கீழே விழுந்துவிடும். அந்தக் கண் அளவு பாம்புக்கும் வேலி. கூண்டுக் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைக்க மறக்காதே. பிறந்த குட்டியை எறும்பு மொய்த்தால் பார்க்கச் சகிக்காது.

தீவனத்தில் உனக்குக் குறை இருக்காது. அகத்தி, முருங்கை, கல்யாண முருங்கை, வேலிமசால் எல்லாம் வேலியோரத்திலேயே வரும். மல்லாட்டை பிடுங்குகிற காலத்தில் அதன் கொடியைக் காயவைத்து மச்சில் போட்டு வை. காலையில் அறுத்த பனிப்புல்லை அப்படியே போடாதே, நிழலில் வாடவிட்டுப் போடு, இல்லாவிட்டால் வயிறு உப்பிவிடும். மருந்தடித்த வயல் வரப்பில் புல் அறுக்காதே. எங்கள் பக்கம் நெல் வயல் அதிகம் என்பதால் எனக்கு இது தினசரிக் கவலை. புண்ணாக்கில் பூஞ்சை வாடை லேசாக அடித்தாலும் மாட்டுக்குக்கூடப் போடாதே. தாய் குனிந்து தன் புழுக்கையையே தின்கிறது என்று உன் மாமியார் அருவருப்புப் பட்டார்களாமே. அது நோயில்லை என்று அவர்களிடம் சொல். முதல் தடவை வருகிற மெத்தென்ற புழுக்கையில் சத்து இருக்கிறது, அதை மறுபடி தின்றால்தான் முயலுக்கு உடம்பு தேறும்.

மருந்து விஷயத்தில் கண்டிப்பாக இரு. பிள்ளைக்குக் காய்ச்சலுக்கு வாங்கிய அமாக்ஸிசிலின் மிச்சத்தை முயலுக்கு ஊற்றிவிடாதே. நம்மைக் காப்பாற்றுகிற அந்த மருந்து முயலின் குடலைக் கெடுத்துக் கொன்றுவிடும். நாய் உண்ணிக்கு அடிக்கிற ஃபிப்ரோனில் மருந்தும் ஆகாது. காதில் சொறி கண்டால் குருமாம்பேட்டுக்கு எடுத்துப் போ. உனக்குக் கிட்டத்தில்தானே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நமக்கு ஒரு கால்நடைக் கல்லூரி 1994இல் வந்தது எவ்வளவு பெரிய வசதி என்று உன் மாதிரிக் கிட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை. பக்கத்திலேயே காமராஜர் வேளாண் அறிவியல் நிலையமும் இருக்கிறது. போய்க் கேள், கூச்சப்படாதே.

இன்னொரு பெட்டை மயிரைப் பிடுங்கிப் போட்டுப் பெட்டி கட்டியது, குட்டி மட்டும் போடவில்லை என்றாயே, அது பொய்ச் சினை. முயலுக்கு மாடு மாதிரி மாதப் பருவம் கிடையாது. ஆணோடு சேர்ந்த பிறகுதான், பத்து மணி நேரம் கழித்துக் கருமுட்டையே வெளிவரும். சேர்ந்தும் தங்காவிட்டால் உடம்பு சினை என்றே நினைத்துக்கொண்டு 17 நாள் வாக்கில் மயிரைப் பிடுங்கும். நிஜச் சினை 30, 31 நாள். அடுத்த தடவை பெட்டையை ஆண் கூண்டுக்குக் கொண்டுபோ, ஆணைப் பெட்டை கூண்டில் விடாதே, தன் இடமென்று கடித்துக் குதறிவிடும். இரண்டு பெட்டைகளையும் ஒரே நாளில் சேர்த்தால் நல்லது. ஒன்றுக்குப் பத்து குட்டியும் இன்னொன்றுக்கு நாலும் வந்தால் முதல் இரண்டு மூன்று நாளுக்குள் மாற்றி வைத்துவிடலாம், அது அன்னியக் குட்டி என்று தள்ளாது.

ஆனால் அடுத்த தடவை என்பது ஆடிக்குப் பிறகு இருக்கட்டும். குட்டி போட்ட மறுநாளே திரும்பச் சேர்க்கலாம், சினையும் தங்கும், வருஷத்துக்கு இத்தனை குட்டி என்று கணக்குச் சொல்லி உன்னை யாராவது உசுப்புவார்கள். தங்கும் என்பது உண்மைதான். பால் கொடுத்துக்கொண்டே சினையும் சுமந்து, இந்த வெயிலில் அது எலும்பும் தோலுமாகிப் போவதை நான் மற்றவர்கள் வீட்டில் பார்த்திருக்கிறேன். ஆண் முயலுக்கும் கத்திரி வெயில் பட்டால் பல வாரத்துக்கு வீரியம் இருக்காது, ஏமாற்றம்தான் மிஞ்சும்.

விற்பது பற்றிக் கேட்டாய். மதகடிப்பட்டு செவ்வாய்ச் சந்தையில் நம் அப்பா மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பேரம் பேச மாட்டார். அதுபோல முயல் வாங்க வருகிறவர் காதைப் புரட்டி, மூக்கில் சளி இருக்கிறதா, காம்பு எட்டாவது இருக்கிறதா என்று பார்த்தால் அவரிடம் கொடு. பஞ்சு மாதிரி இருக்கும்போதே, மூன்று வாரத்துக் குட்டியாகவே கொடுங்கள், பிள்ளைகளுக்கு விளையாட என்று கேட்கிறவர்களுக்கு எவ்வளவு கொடுத்தாலும் கொடுக்காதே. பால் மறக்காத குட்டியை ரோட்டோரத்தில் கூடையில் வைத்து விற்கிறதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. வீட்டுக்குக் கொண்டுபோன சில நாளில் அது செத்துப்போகும், பிள்ளை அழும். ஆறு வாரம் முடியாமல் ஒன்றும் உன் வாசலைத் தாண்டக் கூடாது.

கறிக்கு என்றாலும் எனக்கு மறுப்பு இல்லை. நானும் கொடுக்கிறேன், நாங்களும் சாப்பிடுகிறோம். ஆனால் உன் மகள் இப்போதே பெயர் வைக்கத் தொடங்கிவிட்டாள் என்றாய். அவளிடம் மறைக்காமல் இப்போதே சொல்லிவிடு. எது வீட்டில் இருக்கும், எது போகும் என்று அவளையும் வைத்துக்கொண்டு முடிவு பண்ணு. பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கும்போது கூண்டு காலியாக இருக்கக் கூடாது.

கரும்பு வெட்டும்போது கிடைத்ததென்று யாராவது காட்டு முயல் குட்டி கொண்டுவந்து கொடுத்தால் வாங்காதே. அது வேறு பிராணி. பிறக்கும்போதே மயிரோடும் திறந்த கண்ணோடும் திறந்த வெளியில் பிறப்பது. நம் முயலோடு இனமும் சேராது. 1972ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் விடச் சொல், அதன் தாயும் ராத்திரி அங்கேதான் வந்து தேடும்.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவும் நானும் வருகிறோம். அகத்தி விதையும் ஒரு கட்டு மல்லாட்டைக் கொடியும் கொண்டுவருகிறேன். அதற்குள் மாப்பிள்ளை கூண்டை வேப்பமரத்தடிக்கு மாற்றிவிட்டால் கீற்றை மாமா வந்து கட்டிக்கொடுப்பார். நீ இந்த வாரம் முழுக்க ஒரு நாளைக்கு ஒரு தடவை மட்டும் பெட்டியைப் பார்த்துவிட்டு, வயிறு எப்படி இருக்கிறது என்று எனக்குப் போனில் சொல். பசும்பாலைக் காய்ச்சி நீயே குடி, ரெண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

அன்புடன்,
உன் அக்கா